கிளிப் போட்ட பல்லில் வேர் கரைதல்

கோணல் பல்லைக் கம்பி கட்டி நேராக்கும்போது, நகரும் பல்லின் வேர் நுனி சிறிது கரைந்து குட்டையாவது உண்டு. வலி இருக்காது. ஈறு வீங்காது, ரத்தம் கசியாது, பல்லின் நிறமும் மாறாது. கிளிப் சிகிச்சையின் மற்றத் தொல்லைகளான கூச்சம், கன்னத்தில் கம்பி குத்திய புண், பிராக்கெட்டைச் சுற்றி விழும் வெள்ளைத் தழும்பு ஆகியவற்றை நோயாளியே கண்டுபிடித்துவிடுவார். வேர்க்கரைவை மட்டும் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துத் தேடினால்தான் காண முடியும். தேடாவிட்டால், பல் வரிசை அழகாக நேராகி எல்லோரும் மகிழ்ந்திருக்கும் அதே மாதங்களில் வேர் குறைந்துகொண்டே போகலாம்.

இது அரிதானதா என்ற கேள்விக்கு எதைக்கொண்டு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் விடை. நுண்ணோக்கியில் பார்த்தால், கம்பியால் நகர்த்தப்பட்ட பற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏதோ ஓர் இடத்தில் அரிப்பு இருக்கும். எக்ஸ்ரேயில் அளந்தால் பெரும்பாலான பற்களில் இழப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மேல் முன்பல்லின் வேர் சராசரியாக 13 மி.மீ. நீளம், அதில் ஒன்று போவதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. வேரில் மூன்றில் ஒரு பங்கோ 4 மி.மீ.க்கு மேலோ போய்விடும் கடுமையான நிலை நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை காணப்படுகிறது. மருத்துவர் கவலைப்பட வேண்டியது இந்தச் சிறு தொகையினரைப் பற்றித்தான். இவர்கள் யார் என்பது கிளிப் போடும் அன்றைக்கு முழுதாகத் தெரிவதில்லை.

பல் தாடை எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. அகலத்தில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் செல்களும் நிறைந்த உயிர்ப்புள்ள இடம் அது. கம்பி பல்லைத் தள்ளும்போது இந்தச் சவ்வு ஒரு பக்கம் நசுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். நசுங்கிய பக்கத்தில் எலும்பை அரிக்கும் செல்கள் வந்து வேலையைத் தொடங்கும்; இழுபட்ட பக்கத்தில் புது எலும்பு படியும். பல் நகர்வது என்பது இந்த அரிப்பும் படிவும் சேர்ந்ததுதான்.

எலும்பு அரிபடும்போது, ஒட்டி நிற்கும் வேர் மட்டும் எப்படித் தப்புகிறது? வேரின் மேல் சிமென்டம் என்ற உறை இருக்கிறது. கழுத்தருகே அது 0.05 மி.மீ.க்கும் குறைவான தடிமன், நுனியில் 0.2 மி.மீ. வரை இருக்கும். அதற்குள் ரத்த ஓட்டம் கிடையாது. எலும்பு வாழ்நாள் முழுதும் இடிக்கப்பட்டும் கட்டப்பட்டும் வருவதுபோல் சிமென்டம் மாற்றப்படுவதில்லை. அதன் வெளிமுகத்தில் இன்னும் சுண்ணாம்பு ஏறாத மெல்லிய படலம் ஒன்றும் அதன்மேல் செல் வரிசை ஒன்றும் உண்டு. அரிக்கும் செல்கள் சுண்ணாம்பேறிய பரப்பில்தான் பற்றிக்கொள்ளும் என்பதால், அந்தப் படலம் இருக்கும்வரை வேருக்கு ஆபத்தில்லை.

அழுத்தம் மிகும்போதுதான் சிக்கல். நார்ச்சவ்வின் நுண் ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தத்தைவிடக் கம்பியின் அழுத்தம் கூடிவிட்டால், அந்த இடத்துக்கு ரத்தம் வருவது நின்றுபோகும். செல்கள் மடியும். நுண்ணோக்கியில் அந்தத் திட்டு உருவமற்று, கண்ணாடிபோல் தெரியும். எலும்பை அரிக்க வேண்டிய செல்களும் அங்கே பிறக்க வழியில்லை. எலும்பின் உட்புற மஜ்ஜையிலிருந்து சுற்றிக்கொண்டு வந்துதான் அரித்தாக வேண்டும். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை பல் நகராது. அதிக விசை கொடுத்தால் பல் வேகமாக நகரும் என்ற எண்ணம் இங்கேதான் பொய்யாகிறது.

இறந்த திட்டை அகற்ற வேறு செல்கள் வரும். திட்டைச் சுரண்டும்போது அதற்குக் கீழே வேரின் மேலிருந்த பாதுகாப்புப் படலத்தையும் அவை சேர்த்தே எடுத்துவிடும். சிமென்டம் வெளிப்பட்டதும் அரிக்கும் செல்கள் அதில் பற்றிக் குழி தோண்டும். சில இடங்களில் சிமென்டத்தைத் தாண்டி, அதற்குள்ளே இருக்கும் டென்டின் என்ற பல்லின் உட்பகுதிவரை குழி இறங்கும். விசை தணிந்து திட்டு முழுதும் அகற்றப்பட்ட பிறகு தோண்டல் நிற்கும். பிறகு சிமென்டம் சுரக்கும் செல்கள் வந்து குழியை நிரப்பத் தொடங்கும். வேரின் பக்கவாட்டில் விழும் ஆழமற்ற குழிகள் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் ஆறிவிடுகின்றன. நுனியில் நடப்பது வேறு. நாலா பக்கமும் குழி விழுந்து நுனி துண்டுபட்டுக் கரைந்துபோனால், நிரப்புவதற்குக் குழி என்று ஒன்று மிச்சமில்லை. புதுச் சிமென்டம் மழுங்கிய முனையை மூடிக் கரடுமுரடைச் சீராக்கும். போன நீளம் வராது.

இதே வேலையை உடம்பு ஒரு வயதில் வேண்டுமென்றே செய்கிறது. ஆறு வயதுக் குழந்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டும் பாற்பல்லில் வேர் அநேகமாக இருக்காது. கீழிருந்து நிலைப்பல் ஏறி வரும்போது பாற்பல்லின் வேர் முழுதையும் இதே வகைச் செல்கள் கரைத்துவிடுகின்றன. கிளிப் போட்ட பல்லில் அந்தப் பழைய இயக்கம் இடம் தவறி, கொஞ்சமாக, மீண்டும் நடக்கிறது.

நிலைப்பல்லின் வேர் கரையும் என்ற செய்தி 1856-லேயே மருத்துவ ஏடுகளில் வந்துவிட்டது. கம்பி சிகிச்சையோடு அதை 1914-ல் ஆட்டோலெங்கி என்ற பல் மருத்துவர் தொடர்புபடுத்தினார். ஆனால் துறையையே உலுக்கியது 1927-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து மருத்துவர் ஆல்பர்ட் கெட்சம் வெளியிட்ட எக்ஸ்ரே ஆய்வு. சிகிச்சை முடிந்தவர்களின் படங்களை அவர் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேர் நுனி கரைந்திருந்தது. சிகிச்சையே பெறாதவர்களில் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. பல்லுக்கு முதல் எக்ஸ்ரே எடுக்கப்பட்டது 1896-ல்; எனவே ஒரு தலைமுறைக் காலம் எக்ஸ்ரே கையில் இருந்தும் முறையாகத் தேடியவர் இல்லை. பின்னர் அமெரிக்க ஆர்த்தடாண்டிக் (பல் சீரமைப்பு) வாரியத்தின் முதல் தலைவரானவரும் கெட்சம்தான். துறையின் முன்னணியில் இருந்தவரே அதன் குறையை வெளியிட்டது, வெளியிலிருந்து வந்த குற்றச்சாட்டாக அதைத் தள்ளிவிட முடியாமல் செய்தது.

1932-ல் ஆஸ்திரியரான ஷ்வார்ஸ், நுண் ரத்தக் குழாயின் அழுத்தத்தைத் தாண்டாத விசையே நல்ல விசை என்றார். சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பது அவர் சொன்ன அளவு. அந்த எண்ணை அப்படியே பின்பற்றுவது நடைமுறையில் இயலாது. விசை வேரின் பரப்பில் ஒரே சீராகப் பரவுவதில்லை. கருத்து மட்டும் நிலைத்துவிட்டது. இன்று பாடப்புத்தகங்கள் பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம், வேரோடு சேர்த்து நகர்த்த 70 முதல் 120 கிராம், எலும்புக்குள் உள்ளே அழுத்த வெறும் 10 முதல் 20 கிராம் என்று வகைக்கேற்ப விசையைப் பிரித்துச் சொல்கின்றன. உள்ளே அழுத்தும்போது முழு விசையும் கூம்பு வடிவ வேரின் நுனியில் குவிவதால்தான் அந்த அளவு அவ்வளவு சிறியது.

விசைக்கும் கரைவுக்கும் உள்ள தொடர்பைச் சிட்னி பல்கலைக்கழகத்தில் தாரெண்டெலிலெரின் குழு நேரடியாகக் காட்டியது. சிகிச்சைக்காக எப்படியும் பிடுங்கப்படவிருந்த முன்கடைவாய்ப் பற்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றில் 25 கிராம், சிலவற்றில் 225 கிராம் விசை 28 நாள் கொடுத்தார்கள். பிறகு பல்லைப் பிடுங்கி, வேரின் பரப்பில் விழுந்த ஒவ்வொரு குழியின் கன அளவையும் அளந்தார்கள். 2005-ல் வெளியான அளவுகளின்படி, கனத்த விசை பெற்ற பற்களில் குழிகளின் மொத்தக் கன அளவு இலேசான விசை பெற்றவற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. இலேசான விசையிலும் குழி விழாமல் இல்லை. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், ஒரே ஆளின் வாயில் ஒரு பல்லை உள்ளே அழுத்தியும் மற்றதை வெளியே இழுத்தும் ஒப்பிட்டபோது, உள்ளே அழுத்திய பல்லில் கரைவு நான்கு மடங்கு ஆனது.

விசை ஒன்றே காரணம் என்றால் ஒரே மருத்துவர், ஒரே கம்பி, ஒரே கால அளவு என்று சிகிச்சை பெறும் இருவரில் ஒருவருக்கு மட்டும் வேர் பாதியாகிப் போவது ஏன்? உடல்வாகின் பங்கு பெரியது. 2003-ல் வெளியான அல்-கவாஸ்மி குழுவின் ஆய்வு, அழற்சியை நடத்தும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வடிவம் உள்ளவர்களுக்கு ஆபத்து 5.6 மடங்கு என்றது. பிந்தைய ஆய்வுகள் எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை; ரத்தம் எடுத்துச் சோதித்து முன்கூட்டிச் சொல்லும் நிலை இன்றுவரை வரவில்லை. கைக்கெட்டும் குறிகள் சில உண்டு. வேரின் வடிவம் முதலாவது: நுனி ஊசியாக மெலிந்தது, வளைந்தது, பிப்பெட்போல் குறுகியது ஆகியவை எளிதில் கரையும். சின்ன வயதில் விழுந்து அடிபட்ட முன்பல் இரண்டாவது. நகம் கடிக்கும் பழக்கம், நாக்கால் பல்லைத் தள்ளும் பழக்கம், ஆஸ்துமா ஆகியவற்றுக்கும் தொடர்பு காட்டப்பட்டிருக்கிறது. தாயிடம் இரண்டு நிமிடம் பேசினாலே இவற்றில் பாதி தெரிந்துவிடும்.

பற்களில் மேல் முன்பற்கள் நான்கும் முதலில் பாதிக்கப்படும். அவற்றிலும் நடு இரண்டுக்கு இருபுறமும் உள்ள இரண்டு மோசம். அடுத்தது கீழ் முன்பற்கள். கடைவாய்ப் பற்களில் கரைவு குறைவு. மேல் முன்பற்கள்தான் சிகிச்சையில் நெடுந்தூரம் பயணம் செய்கின்றன என்பது இதற்கு ஒரு காரணம்.

இந்தப் பயணத் தூரம்தான் மும்பைத் தமிழர் விஷயத்தில் முக்கியமாகிறது. மாஹிம் ரயில் நிலையத்தில் கிழக்கே இறங்கினால் தாராவி, மேற்கே எல்.ஜே. ரோட்டுப் பக்கம் பல் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கிளிப் போட வரும் பிள்ளைகளுக்குத் தாய்மார் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: பல்லு தூக்கலா இருக்கு. மேல், கீழ் முன்பற்கள் இரண்டுமே உதட்டை முன்னே தள்ளி நிற்கும் இந்த அமைப்பு தென்னிந்திய முகங்களில் பரவலானது. அதற்கான வழக்கமான சிகிச்சை, நான்கு பக்கத்திலும் ஒவ்வொரு முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, ஒவ்வொன்றாலும் கிடைக்கும் 7 மி.மீ. இடத்துக்குள் முன்பற்களைப் பின்னால் இழுப்பது. பல்லின் தலையை மட்டும் சாய்த்தால் உள்ளே மடங்கித் தெரியும். எனவே வேரின் நுனியையும் அண்ணத்தை நோக்கி நகர்த்த வேண்டும். அண்ணத்துப் பக்கம் எலும்பின் கெட்டியான சுவர் ஒன்று உண்டு. வேர் நுனி அதில் போய் முட்டும்போது கரைவு மிகும். பல் பிடுங்கிச் செய்யும் சிகிச்சையில் பிடுங்காத சிகிச்சையைவிட வேர் அதிகம் குறைவதற்கு இதுவே விளக்கம். வெளிநாட்டு ஆய்வொன்று ஆசியர்களுக்கு வேர்க்கரைவு குறைவு என்கிறது. அது தென்னிந்தியர்களைத் தனியே பார்த்துச் சொன்னதல்ல. தாராவிப் பெண்ணின் வாய்க்கு அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாது.

தூரம் கூடினால் காலமும் கூடும். பல்லை இழுக்கும் வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான். பல் பிடுங்கிச் செய்யும் சிகிச்சை இரண்டு ஆண்டு என்று தொடங்கி மூன்றில் முடிவதும் உண்டு. சிகிச்சை நீள நீளக் கரைவுக்கான வாய்ப்பும் ஏறுகிறது என்பதில் ஆய்வுகள் பொதுவாக ஒத்துப்போகின்றன. கல்யாணத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருபத்தைந்து வயதில் வருபவர்களுக்கு இது ஒரு பொறி. ஆறு மாதத்தில் நேராக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரம் எலும்பின் வேகத்தை மாற்றிவிடாது.

மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு தடங்கலும் உண்டு. மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் தாதரிலிருந்து திருநெல்வேலி வண்டி ஏறினால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற முறை அப்போது தவறும். முறை தவறியதால் விசை தானாகக் கூடிவிடுவதில்லை. பற்களை இழுக்கும் ரப்பர் சங்கிலி முதல் நாளிலேயே தன் விசையில் பாதியளவை இழந்துவிடும், பிறகு மேலும் தளரும். கெடுதல் வேறு விதமாக வரும். ஒரு பிராக்கெட் பிய்ந்துபோய் கம்பி எங்கோ தவறான இடத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். மேல்தாடைக்கும் கீழ்தாடைக்கும் மாட்டும் சிறு ரப்பரை ஊரில் நான்கு நாள் போட்டு மூன்று நாள் விட்டால், பல் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டம் தொடர்ச்சியான இலேசான விசையைவிட வேருக்குக் கெடுதல். ஊருக்குப் போகும் தேதி முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர் விசையற்ற கம்பியை மாட்டி அனுப்பிவிடலாம். அப்படிப்பட்ட விடுமுறை வேருக்குக் கேடில்லை என்பது மட்டுமல்ல, நல்லதும்கூட.

இடைவெளி நல்லது என்பதற்கு ஸ்வீடனில் லெவாண்டரும் மால்ம்கிரெனும் செய்த ஆய்வு வலுவான சான்று. கிளிப் போட்ட ஆறாம் மாதம் எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனி கரையத் தொடங்கியிருந்த மேல் முன்பற்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு சாராருக்குச் சிகிச்சையை அப்படியே தொடர்ந்தார்கள். மறு சாராருக்கு இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தார்கள். 1994-ல் வெளியான முடிவின்படி, தொடர்ந்தவர்களுக்கு மேலும் சராசரியாக 1.5 மி.மீ. குறைந்திருந்தது, நிறுத்தித் தொடர்ந்தவர்களுக்கு 0.4 மி.மீ. செலவில்லாத மருந்து இது. ஆறாம் மாதத்துப் படம் இருந்தால்தான் கொடுக்க முடியும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அந்தப் படத்தில் ஒன்றும் இல்லையென்றால் பின்னால் கடுமையான கரைவு வரும் வாய்ப்பும் குறைவு. ஆறாம் மாதத்தில் தெரியும் சிறு மழுங்கலே பின்னால் வரப்போவதன் அறிகுறி. இலேசான ஒழுங்கின்மை, 2 மி.மீ.க்குள், மூன்றில் ஒரு பங்குக்குள், அதற்கு மேல் என்று நான்கு படியாக இதைக் குறிக்கும் முறையை மால்ம்கிரென் 1982-லேயே வகுத்திருந்தார்.

எந்தப் படம் என்பதிலும் கவனம் வேண்டும். மும்பையில் கிளிப் போடும் முன் எல்லோரும் எடுப்பது ஓ.பி.ஜி. தாடையை அசையாமல் வைத்துக்கொள்ள, கருவி தலையைச் சுற்றி வந்து முப்பத்திரண்டு பற்களையும் ஒரே நீளப் படமாகத் தரும். ஃபின்லாந்தின் பாத்தெரோ உருவாக்கிய முறை இது. கதிர்வீச்சு 20 மைக்ரோசீவர்ட் என்ற அளவில்தான். மூன்று நாள் சும்மா இருந்தாலே இயற்கையிலிருந்து உடம்புக்கு வந்து சேரும் அளவு அது. ஆனால் இந்தக் கருவி ஒரு குறுகிய வளைவுக்குள் இருக்கும் பொருளைத்தான் தெளிவாகப் பிடிக்கும், முன்பல் பகுதியில் அந்த வளைவு மிக ஒடுக்கம். தூக்கலான முன்பல்லின் வேர் நுனி வளைவுக்கு வெளியே நின்றுவிட்டால் இல்லாத கரைவு இருப்பதாகத் தோன்றும். வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படத்தோடு ஒப்பிட்டால் ஓ.பி.ஜி. இழப்பை ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூட்டிக் காட்டுவதாக அளந்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகமோ அவர்கள் விஷயத்தில்தான் ஓ.பி.ஜி. அதிகம் ஏமாற்றுகிறது.

முன்பற்களுக்கு ஏற்றது, வாய்க்குள் சென்சார் வைத்து எடுக்கும் சிறு படம். மருத்துவமனைகளில் ஆர்.வி.ஜி. என்று சொல்லுவார்கள். முதல் படத்தையும் ஆறாம் மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வேரை மட்டும் அளந்தால் தவறு வரும். சென்சார் சற்றே சாய்ந்தாலும் நீளம் மாறும். சிகிச்சையில் நீளம் மாறாதது பல்லின் தலை. இரண்டு படத்திலும் தலையின் நீளத்தை அளந்து, அந்த விகிதத்தால் வேரின் நீளத்தைத் திருத்திக்கொண்டால்தான் ஒப்பீடு நிற்கும். படம் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் வந்து, அதையே அம்மா திரும்ப மருத்துவருக்கு அனுப்பும் வழக்கத்தில் அரை மில்லிமீட்டர் நுணுக்கமெல்லாம் தொலைந்துவிடும். மூலக் கோப்பையோ அச்சிட்ட படத்தையோ வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. எல்லாவற்றையும்விடத் துல்லியம்; கதிர்வீச்சும் பல மடங்கு கூடுதலாகலாம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அதை வழக்கமாக எடுக்கக் காரணமில்லை.

முதல் படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. கோரைப்பல் எலும்புக்குள்ளேயே சிக்கிக் கோணலாக முளைக்கும்போது பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அதுவே கரைத்துவிடும். கிளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் படம் இல்லாவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் பழி கம்பிமேல் விழும், அல்லது கம்பியின் குற்றம் கோரைப்பல்லின்மேல் போகும்.

மாஹிமிலிருந்து மேற்கு ரயில் பாதையில் தெற்கே போனால் மும்பை சென்ட்ரலில் நாயர் மருத்துவமனையின் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1933-ல் தொடங்கப்பட்டது, இன்று மாநகராட்சி நடத்துகிறது. தனியார் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் பல் மருத்துவக் கல்லூரிகளைத்தான் நாடுகின்றன. கல்லூரிகளில் மேற்பார்வை உண்டு, பதிவேடு உண்டு. எந்தக் கல்லூரியானாலும் கிளிப் வேலையைச் செய்பவர்கள் மூன்றாண்டு எம்.டி.எஸ். மாணவர்கள், ஒருவர் படிப்பு முடிந்து போகும்போது நோயாளி அடுத்தவர் கைக்கு மாறுவார். கைமாறும் நேரத்தில் புதியவர் முதலில் பார்க்க வேண்டியது வேர்ப் படத்தை. தனியாரிடமும், வீடு மாறி வேறு மருத்துவரிடம் போகும்போது இதே நிலைதான்.

கரைவு தெரிந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் இரண்டு மூன்று மாத நிறுத்தம். பிறகு விசையைக் குறைப்பது, இலக்கைச் சுருக்குவது. வேர் மூன்றில் ஒரு பங்கு போய்விட்ட நிலையில், பல்லை இன்னும் 2 மி.மீ. உள்ளே இழுத்து முகத்தை இன்னும் கொஞ்சம் அழகாக்கும் ஆசையைக் கைவிட்டுக் கம்பியைக் கழற்றிவிடுவதே சரி. நோயாளிக்கும் மருத்துவருக்கும் பிடிக்காத முடிவாக இருந்தாலும். செய்யக் கூடாத ஒன்றும் உண்டு: இந்தப் பல்லுக்கு ரூட் கெனால். பல்லின் உள்ளே நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. கரைவு வெளியிலிருந்து நடப்பது. உள்ளே சுத்தம் செய்து அடைப்பதால் அது நிற்காது. பல்லின் கழுத்தருகே துளையிட்டு உள்ளே பரவும் இன்னொரு வகை அரிப்பு உண்டு. ஆஸ்திரேலியரான ஹெய்தர்ஸே 1999-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த வகைக்குத் தனிக் காரணமாக அதிகம் காணப்பட்டதும் கிளிப் சிகிச்சைதான். அதற்கு வேண்டிய வைத்தியம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கிளிப் என்ற பெயரில் வீட்டிலேயே நடக்கும் ஒரு விபரீதத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். முன்பற்களின் இடைவெளியை மூட இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் வளையம் மாட்டுவது. வேர் கூம்பாக இருப்பதால் வளையம் மெல்ல ஈறுக்குள் வழுக்கி, வேரோடு ஏறி, எலும்பை அழித்துப் பல்லையே விழச் செய்துவிடும். இதில் கரைவது வேரல்ல, வேரைப் பிடித்திருக்கும் எலும்பு.

வேர் குட்டையாகலாம் என்று நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லும் கடமை சட்டத்திலும் இருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழி, கணிசமான ஆபத்து ஆகியவற்றை நோயாளி புரிந்துகொள்ளும்படி சொல்லிப் பெறும் சம்மதமே சம்மதம் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் விளக்கியது. அரிதிலும் அரிதான ஆபத்தையெல்லாம் பட்டியலிட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வேர் குட்டையாவது அந்த அரிதான வகையில் சேராது. ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கத் தாளின் கடைசியில், தமிழும் இந்தியும் மட்டும் தெரிந்த தாய் போடும் கையெழுத்து எவ்வளவு புரிந்து போட்டது என்பது வேறு. 'வேரு கொஞ்சம் குட்டையாகலாம், ஆறு மாசத்துல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்' என்று ஒரு வரி சொன்னால் அந்தத் தாளைவிட அது மேல்.

கம்பியைக் கழற்றியதும் கரைவு நின்றுவிடும். 1989-ல் ரெமிங்டன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சையில் வேர் குறைந்த 100 பேரைச் சராசரியாக 14 ஆண்டு கழித்து மீண்டும் பார்த்தது. கரைவு தொடரவில்லை, குட்டை வேர்ப் பற்கள் கிட்டத்தட்ட எல்லாம் உறுதியாகவே இருந்தன. வேர் பம்பரத்தைப்போல் நுனியில் சிறுத்திருப்பதால், நுனியில் போகும் 3 மி.மீ. பல்லின் பிடிப்பில் ஏற்படுத்தும் இழப்பு, மேலே ஈறோரத்தில் 1 மி.மீ. எலும்பு போவதற்குத்தான் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பல் ஆடத் தொடங்கும் வாய்ப்பு, மேல் முன்பல்லின் வேர் 9 மி.மீ. அளவுக்கோ அதற்கும் கீழோ குறையும்போது உயர்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஈறு நோய் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இனி முக்கியம். இருபது வயதில் குட்டையான வேர், நாற்பதில் ஈறு எலும்பும் இறங்கினால் இரண்டு பக்கமும் இழக்கும்.

பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்க, கிளிப் கழற்றியபின் தரும் ரிட்டெய்னரைப் போடாமல் விடுவோர் அநேகம். பல் பழைய இடத்துக்கே சாய, ஏழெட்டு ஆண்டு கழித்து இரண்டாம் முறை கிளிப் போட வருவார்கள். மருத்துவருக்கு அப்போது தேவைப்படுவது முதல் சிகிச்சையின் வேர்ப் படங்கள். அவை கையில் இருந்தால், வேர் குட்டையானவருக்கு இலேசான விசையில் சிறு திருத்தம் மட்டும் போதுமா, அல்லது இனிக் கம்பியே வேண்டாமா என்று முதல் நாளே முடிவு செய்யலாம்.